ஒரே பெஞ்சில் இருந்தவர்கள்

பத்திரிகை வீதிக்கு வருவதற்கு முன்பே எங்கள் குடியிருப்புத் தோட்டத்துக்குச் செய்தி வந்துவிடும். கொழும்பு கிராண்ட்பாஸ் வீதி வீரகேசரி அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற மாமா ஒருவர் பைப்படிக்கு நேர் எதிரே குடியிருந்தார். வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்குள் போகமாட்டார். பைப்படியில் குந்தி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் விரல்களைத் துடைப்பார். ஈயமும் மையும் ஏறிக் கறுத்துப்போன விரல் நுனிகள். ஒவ்வொரு விரலாக, நகக்கண்ணையும் விடாமல் துடைத்து, பிறகு சன்லைட் சவர்க்காரம் போடுவார். வாளியோடு நிற்கிற பெண்களுக்கும் சும்மா நிற்கிற பிள்ளைகளுக்கும் மறுநாள் செய்தி அப்போதுதான் சொல்லப்படும். மாவுக் கப்பல் வந்ததா, கூப்பன் அரிசி கூடுமா குறையுமா, மந்திரி என்ன சொன்னார், எல்லாமே மண்ணெண்ணெய் வாசத்தோடுதான் எங்கள் காதுக்கு வரும்.

1974 மார்ச் மாதம், தவக்காலம் தொடங்கியிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் வந்த மாமா குந்தவில்லை, துணியையும் எடுக்கவில்லை. கறுத்த கையோடு நின்றபடியே, “பாபு போயிட்டான்” என்றார்.

எங்கள் தோட்டத்தில் பாபு என்று கூப்பிட்டால் குறைந்தது இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் ஒருத்தன் பம்பரக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தான். அவனுடைய அம்மா வீட்டுக்குள்ளிருந்து “ஐயோ என்ட புள்ள” என்று அலறிக்கொண்டு ஓடிவந்தது இன்றும் காதில் கேட்கிறது. பிள்ளை முழுசாக நிற்பதைப் பார்த்துவிட்டு, வந்த வேகத்தில் அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

“சினிமாப் பாபு அக்கா. சந்திரபாபு. மெட்ராஸ்ல, நேத்து.”

அந்த அக்கா அப்படியே பைப்படிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வாளி நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. தண்ணீருக்குச் சண்டை பிடிக்கிற அந்த இடத்தில் யாரும் அதை நிறுத்தவில்லை.

ஒரு நடிகர் செத்ததற்கு இவ்வளவா என்று கேட்கலாம். எம்.ஜி.ஆர், சிவாஜி என்று பிரிந்து கல்லெறிந்துகொண்ட ஊர்தான் எங்களுடையது. ஆனால் பாபு அந்தக் கணக்கில் வரமாட்டார். அவர் எங்கள் ஊர்ப் பிள்ளை. தமிழ்நாட்டில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுவார்கள்: தூத்துக்குடியில் 1927ல் பிறந்தார், தகப்பனார் சுதந்திரப் போராட்டத்தில் இறங்கியதால் வெள்ளைக்கார அரசு சொத்தைப் பறித்தது, குடும்பம் கொழும்புக்கு வந்தது, பிள்ளை கிராண்ட்பாஸ் சென் ஜோசப் கல்லூரியில் படித்தார், 1943ல் சென்னைக்குப் போனார்கள். மருதானையில் இருக்கிற பெரிய சென் ஜோசப்பை நினைத்துவிடக் கூடாது. இது எங்கள் சென் ஜோசப்.

அந்த ஒரு வரிக்குள் இருப்பது ஒரு பிள்ளையின் முழுச் சிறுபராயம். பதினாறு வயதுவரை. 1942 உயிர்த்த ஞாயிறன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டபோதும் அந்தக் குடும்பம் இங்கேதான் இருந்தது.

தகப்பனார் ஜே.பி. ரொட்ரிகஸ் ‘சுதந்திர வீரன்’ என்று பத்திரிகை நடத்தியவர், பிறகு சென்னையில் தினமணியில் வேலை செய்தவர். இதைச் சொல்லும்போது அச்சுக்கூட மாமாவுக்குத் தனிப் பெருமை. “பத்திரிகைக்காரன் மகன்” என்பார், ஏதோ தனக்கே மருமகன் போல.

என் ஆச்சிக்கு உறவு வேறு வழியில் வந்தது. ஆச்சியும் தூத்துக்குடி. தோணியில் வந்த பரதவக் குடும்பம். கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, கிராண்ட்பாஸ் என்று எங்கள் சனம் கோயில் மணி கேட்கிற தூரத்தில் பரவியிருந்தது. பாபுவின் ஞானஸ்நானப் பெயர் ஜோசப் பனிமயதாஸ். தூத்துக்குடி பனிமய மாதாவின் பெயரை வைத்த பிள்ளையை எந்த தூத்துக்குடிக்காரி விட்டுக்கொடுப்பாள்? பரதவர் தங்களைச் சந்திர குலம் என்று சொல்லிக்கொள்வார்கள். அதை வைத்துத்தான் சந்திரபாபு என்று பெயர் மாற்றிக்கொண்டாராம். ஆச்சிக்கு அந்த மாற்றம் பிடிக்காது. “மாதா பேர விட்டுட்டு நிலாப் பேர வச்சான், அதான் தேய்ஞ்சு தேய்ஞ்சு போனான்” என்று அன்றைக்கு அழுதுகொண்டே திட்டினார்.

பொழுது சாய்வதற்குள் பலாமரச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் பாபுவோடு ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள் கூடிவிட்டார்கள். துறைமுகத்தில் கணக்கெழுதுகிறவர், ரயில்வே கிளாக்கர், கொட்டாஞ்சேனையிலிருந்து இதற்காகவே சைக்கிள் மிதித்து வந்தவர், தச்சு வேலை செய்கிறவர் என்று பலபேர். ஒருவர் பாபுவுக்குக் கணக்குக் காட்டிக் கொடுத்தவர். இன்னொருவர் பாபு செய்த குழப்படிக்குப் பிரம்படி வாங்கியவர். உள்ளங்கையை விரித்து இடத்தையும் காட்டினார். மற்றொருவர் பாபுவின் இடியப்பத்தைப் பறித்துத் தின்றவர். வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் அவரைப் போலவே இருமுகிற பாபுவை எல்லோரும் பார்த்திருந்தார்கள், வாத்தியார்தான் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தார். ஒருவருக்கு என் அப்பாவைவிட வயது குறைவு. பாபு சென்னைக்குக் கப்பலேறியபோது அவர் தொட்டிலில் இருந்திருக்க வேண்டும்.

கடை நானா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே தேத்தண்ணி ஆற்றினார். கடைசியில் சொன்னார்: “இம்புட்டுப் பேரும் ஒரே பெஞ்சிலயா குந்தின? அப்ப அந்தப் பெஞ்சு தொட்டலங்கப் பாலம் வரைக்கும் நீண்டிருக்கோணுமே.”

கடை முழுக்கச் சிரித்தது. பிரம்படி வாங்கினவர்தான் எல்லோரிலும் அதிகமாகச் சிரித்தார். சிரித்து முடித்த கையோடு தோள் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

அவர்கள் புளுகினார்கள் என்று எழுத எனக்கு மனமில்லை. எங்கள் சனத்தில் சாவு வீட்டுக்குப் போனால் உறவு சொல்லித்தான் அழவேண்டும். மாமா என்றோ மச்சான் என்றோ ஒரு உறவுமுறை வைத்துக் கூப்பிட்டால்தான் ஒப்பாரி எடுபடும். சென்னைக்குப் போய் அழ அவர்களிடம் பாஸ்போட்டும் இல்லை, வெளிநாட்டுக் காசும் இல்லை. அந்த நாட்களில் அந்நியச் செலாவணியை அரசாங்கம் சீனியைவிடச் சிக்கனமாக அளந்து கொடுத்தது. ஆகவே இருந்த இடத்திலிருந்தே ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு உறவாகிக்கொண்டார்கள். நாலைந்து பேர் உண்மையாகவே அந்தப் பள்ளியில் படித்திருக்கலாம். யார் அந்த நாலைந்து பேர் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

அடுத்த நாள் விடியற்காலை பாண் கியூ. அந்த வருஷத்துக் கொழும்புப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாவுத் தட்டுப்பாடு. இருட்டோடு எழும்பி, பேக்கரி வாசலில் வரிசையில் நின்றால்தான் பாண் கிடைக்கும். அக்காவும் நானும் முறை வைத்து நிற்போம். சாதாரணமாக அந்த வரிசையில் தூக்கமும் சண்டையும் மட்டும்தான் இருக்கும். அன்று முன்னுக்கு எங்கேயோ ஒருவர் முணுமுணுக்கத் தொடங்கினார். ‘அன்னை’ படத்தில் பாபு பாடுகிற பாட்டு. புத்தியையும் வெற்றியையும் பற்றிய அந்தப் பாட்டுத் தெரியாத தமிழர் கிடையாது. இரண்டாவது ஆள் சேர்ந்தார். நாலாவது ஆள் சீட்டி அடித்தார். பாட்டு வரிசை வழியாகவே பின்னுக்கு வந்தது. எங்களிடம் வந்து சேர்ந்தபோது முன்னுக்கு நின்றவர்கள் அடுத்த அடிக்குப் போய்விட்டிருந்தார்கள். ஒரே பாட்டு, ஒரே நேரத்தில், இரண்டு இடத்தில். எங்களுக்குப் பின்னால் நின்ற சிங்களக் கிழவர், தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் சீயா என்று கூப்பிடுகிறவர், யார் செத்தது என்று கேட்டார். அக்கா சொன்னாள். “அனே அபராதே” என்றார், ஐயோ பாவமே என்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எங்கட எடி ஜயமான்ன மாதிரி” என்றார்.

எடி ஜயமான்ன சிங்களப் படத்தின் முதல் சிரிப்பு நடிகர். முதல் சிங்களப் பேசும்படம் ‘கடவுனு பொறொந்துவ’ 1947ல் வந்தது. பாபு முதலில் முகம் காட்டிய ‘தன அமராவதி’யும் அதே 1947. சீயாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் ஆளைச் சரியாகத்தான் அடையாளம் கண்டார்.

ஆச்சி தவக்காலத்தில் வானொலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவார். சாம்பல் புதன் தொடங்கி உயிர்த்த ஞாயிறு வரைக்கும் செய்தி மட்டும்தான், அதையும் வானொலியின் முதுகு வழியாகத்தான் கேட்க வேண்டும். மச்சம் மாமிசம் இல்லை, சினிமா இல்லை, பாட்டு இல்லை. அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, முக்காட்டை மடித்து வைத்துவிட்டு, ஆச்சியே போய் வானொலியை எங்கள் பக்கம் திருப்பினார். “பாபு பாட்டு வந்தா மட்டும் கூட்டு, மத்ததுக்குக் கொறச்சிடு” என்று எனக்கு உத்தரவு. இலங்கை வானொலி வர்த்தக சேவையில் பாட்டுக்காகக் காத்துக் காத்து, குமிழில் கையை வைத்தபடியே நான் உட்கார்ந்திருந்தேன். ‘மரகதம்’ பாட்டு வந்தது. குங்குமப்பூவையும் புறாவையும் கூப்பிட்டு ஜமுனாராணியோடு பாடுவாரே, அதுதான். ஆச்சி செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். விரல் ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்கு நகரவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 1952ல் இந்திய ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குத் தடை போட்டார். அதற்குப் பிறகு தமிழ்நாடு முழுக்க முள்ளைத் திருப்பிய இடம் இலங்கை வானொலி. 1957ல் விவித் பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பாபு பாட்டுகள் கொடிகட்டிப் பறந்தது சரியாக அந்த ஆண்டுகளில்தான்: 1957ல் ‘புதையல்’, ‘மணமகன் தேவை’, 1959ல் ‘மரகதம்’, ‘சகோதரி’. கொழும்பிலிருந்து போன பையனின் குரல் கொழும்பிலிருந்துதான் தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் போய்க்கொண்டிருந்தது.

அன்று மாலை பைப்படியில் நடந்ததை ஆச்சி மன்னிக்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற அண்ணன் ஒருவர், பாபு போலவே முடியை நெற்றியில் இழுத்து விட்டிருப்பவர், ஈரச் சிமெந்தில் ஏறி நின்றார். முதலில் முழங்கால் இரண்டும் வலுவில்லாமல் ஒன்றையொன்று தேடின. பிறகு இடுப்பு ஒரு பக்கமும் தோள் மறு பக்கமும் போயின. தலை மட்டும் அசையாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அப்பாவி முகம்தான் பாபுவின் சூட்சுமம். உடம்பு செய்கிற அநியாயம் எதுவும் முகத்துக்குத் தெரியாது. கடைசியில் அந்த அண்ணன் கையை ஊன்றாமல், வெட்டிய வாழை போல, அப்படியே பின்பக்கமாக விழுந்தார். சத்தம் பலமாகக் கேட்டது. நாங்கள் கைதட்டினோம். அவர் எழும்பவில்லை. நடிக்கிறார் என்று இன்னும் பலமாகத் தட்டினோம். பிறகுதான் அவர் அழுவது தெரிந்தது. அடிபட்டு அழுகிறாரா பாபுவுக்காக அழுகிறாரா என்று அச்சுக்கூட மாமா கேட்டதற்கு, “ரெண்டுக்கும்தான் மாமா, முதுகப் புடிங்க” என்றார்.

சினிமாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பாபுவின் ஆட்டத்தை ஹாலிவுட்டில் கொண்டுபோய்க் கட்டுவார்கள். தொண்டையை உடைத்து உடைத்துப் பாடுகிற யோடலிங் ஆல்ப்ஸ் மலைக்காரருடையது. அமெரிக்க மாட்டிடையர் பாட்டுகள் வழியாக இசைத்தட்டில் ஏறி உலகம் சுற்றியது. இந்தியில் கிஷோர் குமார் பாடினார், தமிழில் பாபு பாடினார். சரிதான். ஆனால் 1930களின் கொழும்பை நினைத்துப் பாருங்கள். கப்பல் இறங்குகிற ஊர். பறங்கியர் வீட்டுப் பைலா, கோயிலில் லத்தீன் பாட்டு, தேத்தண்ணிக் கடையில் கிராமபோன். ஒரே ஒழுங்கையில் தூத்துக்குடித் தமிழ், சோனகர் தமிழ், சிங்களம், பறங்கியர் இங்கிலீஸ். ஒரு பிள்ளை கடைக்குப் போய் வருவதற்குள் நாலு நாக்கு மாற்ற வேண்டும். அந்தக் காதோடுதான் அவர் பதினாறு வயதில் திருவல்லிக்கேணியில் போய் இறங்கினார். ‘சபாஷ் மீனா’வில் ரிக்‌ஷாக்காரனாக அவர் பேசுகிற மெட்ராஸ் பாஷையைப் புகழாதவர் இல்லை. அது அந்த ஊரில் பிறந்தவன் பேச்சல்ல. வெளியூரிலிருந்து வந்து, வாயைப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டவன் பேச்சு. அந்தப் பாடம் சென்னையில் தொடங்கியது என்று சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

பிற்பாடு கேட்டதும் வாசித்ததும் சேர்ந்துதான் மீதிக் கதை எனக்குத் தெரியும். அன்றைக்குப் பைப்படியில் பெண்கள் குசுகுசுத்தது பாதிதான் விளங்கியது. 1952ல் வாய்ப்புக் கிடைக்காத விரக்தியில் பாபு ஜெமினி ஸ்டூடியோவில் உயிரை விடப் பார்த்தார். பிழைத்த பிறகு, அதே ஜெமினியின் ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் வேடம் கிடைத்தது. கலியாணம் நிலைக்கவில்லை. கண்ணதாசன் தயாரித்து, பாபு கதாநாயகனாக நடித்த படத்துக்குக் ‘கவலை இல்லாத மனிதன்’ என்று பெயர். தயாரித்தவருக்கு அது கவலையை மட்டும்தான் கொடுத்தது. எம்.ஜி.ஆரை வைத்துப் பாபு ‘மாடி வீட்டு ஏழை’ தொடங்கினார், படம் நின்றது, அவரும் பணத்தால் முறிந்தார். கார் நேராக மாடிக்கே ஏறுகிற மாதிரி ஆசைப்பட்டுக் கட்டிய வீடு கையை விட்டுப் போனது. 1966ல் தானே இயக்கிய படத்துக்கு வேதாகமத்திலிருந்து பெயர் எடுத்தார்: ‘தட்டுங்கள் திறக்கப்படும்’. “தட்டத்தான் செஞ்சான்” என்றார் ஆச்சி. அதற்கு மேல் அந்தப் படத்துக்கு விமர்சனம் தேவையில்லை.

உயிரை மாய்க்கப் பார்த்தவன், கட்டினவளை விட்டவன், குடித்தவன். இப்படிப்பட்டவனுக்குப் பூசை வைக்கலாமா என்று ஒரு வாக்குவாதம் கிளம்பியது. கொஞ்சம் கடுமையாகவே நடந்தது. ஆச்சி அதில் வாய் திறக்கவில்லை. பாக்குப் பையிலிருந்து சல்லி எடுத்துக்கொண்டு நேரே சாமியின் அறைவீட்டுக்குப் போய் ஆன்ம இளைப்பாற்றிப் பூசைக்கு எழுதிவிட்டு வந்துவிட்டார். அடுத்தவர் வாதாடி முடிக்கும்போது காரியம் முடிந்திருந்தது.

அந்தப் பூசையில் சாமி இறந்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார். “ஜோசப் பனிமயதாஸ் ரொட்ரிகஸ்.” முன்வரிசைப் பெரியவர்கள் தலை குனிந்தார்கள். எங்களுக்கு யார் என்று தெரியவில்லை. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பெஞ்சுக்காரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். தச்சு வேலைக்காரர், அவர் சைவக்காரர், பூசைக்கு எழும்பவும் முழங்காலிடவும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். கடை நானா உள்ளே வராமல் வெளிவாசல் படியருகே தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். பூசை முடிந்து வெளியே வந்ததும் அவரிடம் போய் யார் அந்த ரொட்ரிகஸ் என்று கேட்டேன். “ஒனக்குத் தெரியாதா மகன்? அந்தப் பெஞ்சில மெய்யாவே குந்தினவன்” என்றார்.

சென்னையில் பாபுவின் உடலை அவர் ஆசைப்படியே எம்.எஸ். விஸ்வநாதன் வீட்டில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு சாந்தோம் பக்கத்துக் குயிபிள் தீவுக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். அப்போது அவருக்கு வயது 46. எங்கள் அச்சுக்கூட மாமா சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியப் பிரஜையாகிப் பின்னாளில் குடும்பத்தோடு கப்பலேறினார். போய்ச் சேர்ந்து எழுதிய கடிதங்களில் ஒன்றில், கல்லறைக்குப் போய் ஆச்சி சார்பில் ஒரு மெழுகுதிரி கொளுத்தியதாக எழுதியிருந்தார். கடிதம் வந்தபோது ஆச்சி இல்லை. பெஞ்சுக்காரர்களில் பலரை 1983 கலவரம் ஊரை விட்டே துரத்தியது. மற்றவர்கள் மாதம்பிட்டி மயானத்தில் இருக்கிறார்கள்.

2027ல் பாபுவுக்கு நூறு வயது. தமிழ்நாட்டில் விழா எடுப்பார்கள், மலர் போடுவார்கள். கிராண்ட்பாஸும் ஏதாவது செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். சிலை வேண்டாம், மண்டபத்துக்குப் பெயரும் வேண்டாம். 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் எங்கள் சென் ஜோசப்பில் எடுத்த வகுப்புப் படம் யார் வீட்டு அலுமாரியிலாவது, கனடாவிலோ லண்டனிலோ திருச்சியிலோ, கிடக்கக்கூடும். இருந்தால் அதைப் பள்ளிக்கே கொடுத்துவிடுங்கள். பின்பக்கத்தில் பெயர்கள் எழுதியிருந்தால் ரொட்ரிகஸ் என்று ஒரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.